பார்வையற்ற வீரனும் ஆறு நண்பர்களும்

வீட்டுப் பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்து விளையாடும்பொழுது நாம் காண்பது பெரும்பாலும் அவர்களுடைய முதுகைத்தான். "போதும், எழுந்திரு" என்று அந்த முதுகைப் பார்த்தே சொல்லிவிட்டு நம் வேலையைக் கவனிக்கப் போய்விடுகிறோம். நானும் நெடுநாள் அப்படிச் செய்தவன்தான். 2025ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், மறைமாவட்டக் கூட்டம் ஒன்றிற்காகச் சென்றிருந்தபோது என் தமக்கையின் வீட்டில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. அவளுடைய மகன் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு பயில்பவன். இரவு உணவு முடிந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனருகில் அமர்ந்தேன்.

"திட்ட வந்தீர்களா மாமா?" என்று கேட்டான்.

"பார்க்க வந்தேன்" என்றேன். நம்பாமல் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்லச் சொல்லத் தொடங்கினான்.

விளையாட்டின் பெயர் மார்வெல் ரைவல்ஸ். சீனத்து நெட்ஈஸ் நிறுவனம் உருவாக்கி, 2024 டிசம்பர் 6ஆம் நாள் வெளியிட்டது. முதல் மூன்று நாட்களிலேயே ஒரு கோடிப் பேர் இதை ஆடத் தொடங்கினர் என்று அந்நிறுவனமே அறிவித்தது. அமெரிக்கச் சித்திரக்கதைகளில் வரும் வல்லமை படைத்த வீரர்களைக் கொண்டு, அணிக்கு அறுவராக இரண்டு அணிகள் மோதும் போர் விளையாட்டு இது. தொடக்கத்தில் 33 வீரர்கள் இருந்தனர். அதன்பின் புதியவர்கள் தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கின்றனர். விளையாடக் கட்டணம் இல்லை. எந்த வீரனையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வீரர்களுக்கு அணிவிக்கும் அலங்கார உடைகளை விற்றே நிறுவனம் பொருள் ஈட்டுகிறது. (பிள்ளைகள் கையில் வங்கி அட்டையைக் கொடுத்து வைத்திருக்கும் பெற்றோர் இவ்விடத்தைச் சற்று நின்று படிப்பது நலம்.) அமெரிக்க மதிப்பீட்டுக் குழு இதனைப் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியதாக வகுத்துள்ளது.

அறுவரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. வேன்கார்ட் எனப்படுவோர் முன்னே நின்று அடி தாங்குவர்; அவர்களுடைய உடலே அணிக்கு மதில். ஸ்ட்ராட்டஜிஸ்ட் எனப்படுவோர் பின்னே நின்று காயம் ஆற்றுவர். டூயலிஸ்ட் எனப்படுவோர்க்குப் பகைவரை வீழ்த்துவதே தொழில். இன்ன வேலைக்கு இத்தனை பேர் என்ற கட்டாயம் இவ்விளையாட்டில் இல்லை. 2016இல் வந்த ஓவர்வாட்ச் என்னும் இதே வகை விளையாட்டில், 2019இல் ஒவ்வொரு வேலைக்கும் இருவர் என்று விதித்தார்கள். இங்கே அவ்விதி இல்லாமையால் என்ன நிகழும் என்பதை, அன்பியக் கூட்டத்தில் பொறுப்புகளைப் பங்கிட்டுப் பார்த்தவர்கள் எளிதில் ஊகிப்பார்கள். வீழ்த்துகின்ற வேலைக்கு நால்வர் முந்திக்கொண்டு வருவர். மருந்திடும் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது. ஓர் அணியில் ஒரு வீரனை ஒருவரே எடுக்க முடியும் என்பதால், புதிய டூயலிஸ்ட் வரும் நாளில் யார் முதலில் அவனைத் தொடுகிறார்கள் என்பதே ஒரு தனிப் போட்டி.

அவ்வாறு 2025 அக்டோபர் 10ஆம் நாள் வந்த புதிய வீரனைத்தான் என் மருமகன் ஆடிக்கொண்டிருந்தான். பெயர் டேர்டெவில். பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். சாத்தானை வழிபடுபவன் என்பதன்று, எதற்கும் துணிந்தவன் என்பதே அச்சொல்லின் பொருள். விளையாடப் போகாமல் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருந்த சிறுவனைத் தெருப்பிள்ளைகள் கேலியாக அழைத்த பெயர் அது என்று கதை சொல்கிறது. ஸ்டான் லீயும் பில் எவரெட்டும் 1964இல் படைத்த பாத்திரம். நியூயார்க் நகரின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் குத்துச்சண்டைக்காரர் ஒருவரின் மகனாக வளரும் மாட் மர்டாக், சாலையில் வண்டியின் முன் அகப்பட்ட முதியவர் ஒருவரைத் தள்ளிக் காப்பாற்றுகிறான். அவ்வண்டியிலிருந்த கதிரியக்கப் பொருள் பட்டுத் தன் கண்களை இழக்கிறான். தோற்றுக் கொடுக்குமாறு ஏவிய சூதாடிகளுக்கு இணங்காமல் வென்றதற்காகத் தந்தை கொல்லப்படுகிறார். மகனோ பகலில் வழக்கறிஞன். இரவில் செவ்வாடை பூண்ட காவலன். கண் போனாலும் ஏனைய புலன்கள் கூர்மையடைந்து, சுற்றியுள்ள யாவும் ஓசையலைகளால் அவனுக்குப் புலப்படுகின்றன.

இவன் கத்தோலிக்கன் என்பதை நான் அன்றிரவுதான் அறிந்தேன். ஃபிராங்க் மில்லர் 1986இல் எழுதிய கதைத்தொடரில் இவனுடைய தாய் ஒரு கன்னியராக வெளிப்படுகிறார். 2015இல் வந்த தொலைக்காட்சித் தொடரின் முதற்பகுதியிலேயே இவன் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருக்கிறான். "உங்கள் ஆள்தான் மாமா" என்று மருமகன் சிரித்தான். கையில் இரண்டு தடிகளோடு மனிதரை அடித்து நொறுக்கிவிட்டு ஞாயிறன்று வரும் இப்படிப்பட்ட ஒருவனுக்கு நான் என்ன பரிகாரம் கொடுப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். விடை எளிதாக இல்லை.

விளையாட்டில் இவனை ஆள்வது எவ்வாறு என்பதைச் சொல்ல வேண்டும். தொலைவில் நின்று சுடுபவன் அல்லன் இவன். அருகே சென்று அடிப்பவன். சுவருக்கு அப்பால் நிற்கும் பகைவர் பிறர் கண்ணுக்குத் தெரியார். இவனை ஆள்பவனுக்கோ அவர்களுடைய நிழலுருவம் புலப்படும். பாய்ந்து வரும் குண்டுகளைத் தடியைச் சுழற்றித் தடுக்கவும் திருப்பவும் இவனால் இயலும். "மறுப்பு!" என்று வழக்கறிஞன் நீதிமன்றத்தில் எழுப்பும் குரலே அச்செயலுக்குப் பெயர். ஆற்றல் முழுதும் நிரம்பியபின் இவன் வெளிப்படுத்தும் உச்ச வித்தையோ பகைவருடைய பார்வையை இருளாக்குகிறது. குருடனைக் கண்டவர்கள் குருடராகிறார்கள்! இதைக் கற்பனை செய்தவர் யாராயினும் பாராட்டத்தான் வேண்டும்.

ஆகவே இவனுடைய பணி, சண்டை மும்முரமாக நடக்கும் வேளையில் பக்கவாட்டில் சுற்றிச் சென்று, பகை அணியின் பின்வரிசையில் நின்று மருந்திடுபவரை வீழ்த்திவிட்டு, உயிரோடு திரும்புவது. "திரும்புவது" என்பதே இதில் கடினம். புதிதாக ஆடுபவன் சுவருக்கு அப்பால் ஆளைக் கண்டதும் ஓடிவிடுகிறான். தன் அணியின் வேன்கார்ட் முன்னேறிப் பகைவரின் கவனத்தை ஈர்க்கும்வரை அவன் காத்திருப்பதில்லை. ஓடியவன் வீழ்கிறான், மீண்டும் உயிர்பெற்றுத் தொடக்க இடத்திலிருந்து நடந்து வரும்வரை அவனுடைய அணி அறுவர்க்கு எதிரே ஐவராக நிற்கிறது. அவன் வந்து சேர்கையில் இன்னும் இருவர் வீழ்ந்திருப்பர். பொறுக்காமல் மீண்டும் தனியே ஓடுவான். இப்படி ஒருவர்பின் ஒருவராகச் சொட்டுச் சொட்டாகப் போய் மடிவதால்தான் பெரும்பாலான ஆட்டங்கள் தோற்கின்றன என்று மருமகன் விளக்கினான். எங்கே ஆள் இருக்கிறது என்று காட்டும் புலன், இப்போது போகலாமா கூடாதா என்பதைக் காட்டுவதில்லை.

கணினியே இயக்கும் பகைவரோடு மோதும் பயிற்சி ஆட்டம் ஒன்றில் என்னையும் ஆடச் செய்தான். பகைவர் எவரும் என்னைக் கொல்லும் சிரமத்தை மேற்கொள்ள வேண்டியிருக்கவில்லை. இருமுறை நானே பள்ளத்தில் விழுந்து மாண்டேன். சமையலறை வாசலில் நின்றிருந்த தமக்கை, "தம்பி, உனக்கு இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பின்புதான் அவன் விஷயத்துக்கு வந்தான்.

கல்லூரி நண்பர் அறுவர் பல மாதங்களாக ஓரணியாக ஆடி வந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவன் எப்போதும் மருந்திடும் வேலையையே ஏற்பவன். கிளோக், டாகர் என்ற இருவர் ஒருவராய் அமைந்த வீரனே அவனுடைய விருப்பம். (1982இல் தோன்றிய இப்பாத்திரங்கள் வீட்டைவிட்டு ஓடிவந்த ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும், கதையில் இவர்களுக்குத் தங்க இடம் கொடுப்பவர் ஒரு கோவில் சாமியார். இதையும் மருமகனே சொன்னான். என்னை மகிழ்விப்பதற்காகச் சொன்னானோ என்னவோ.) புதிய வீரன் வந்த நாளில் அவனைத் தொட்டுப் பிடித்தது என் மருமகன். அன்றைய ஓர் ஆட்டத்தில் பதினொரு முறை வீழ்ந்தான். தோல்வி உறுதியானதும், ஒலிவாங்கியில் ஐவரும் கேட்க அந்த நண்பனை ஏசினான். "என்னைச் சாக விட்டுவிட்டு யாருக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறாய்?" என்று தொடங்கிய பேச்சு, அவனுடைய வீட்டு நிலைமைவரை போய்விட்டது. என்ன சொன்னான் என்பதை என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நண்பன் "சரிடா" என்று மட்டும் சொல்லி வெளியேறினான். அன்றிலிருந்து இரண்டு வாரமாக ஆட வரவில்லை. வகுப்பிலும் வேறு வரிசையில் அமர்கிறான்.

"உண்மையிலேயே அவன் மருந்து போடவில்லை மாமா" என்றான்.

முடிந்த ஆட்டத்தை மீண்டும் ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு என்று சற்று முன்பு அவனே கூறியிருந்தான். எவருடைய கண்வழியாகவும் அதைப் பார்க்கலாமாம். "அந்த ஆட்டத்தை அவன் கண்வழியாகப் பார்த்தாயா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. தன் கண்வழியாக மட்டும் நான்குமுறை பார்த்திருக்கிறான்.

இருவரும் பார்த்தோம். பகை அணியிலும் ஒரு டேர்டெவில் இருந்தான். இரு அணியிலும் ஒரே வீரன் இருக்கத் தடையில்லை. அவனை ஆண்டவன் கைதேர்ந்தவன் போலும். மீண்டும் மீண்டும் சுற்றி வந்து நம் நண்பனையே தாக்கினான். நண்பன் பின்வாங்கி ஓடுகிறான். ஓடிக்கொண்டே முன்னே நிற்கும் வேன்கார்டுக்கு மருந்து எறிகிறான். "பின்னால் வந்துவிட்டான்" என்று குறி எழுப்புகிறான். அந்தக் குறி அறுவர் திரையிலும் தோன்றியிருக்கும். ஒருவரும் திரும்பவில்லை. என் மருமகனோ வெகுதொலைவில், மூன்று சுவர்களுக்கு அப்பால், தனியே மாண்டுகொண்டிருந்தான். பார்வைக்கு எட்டாதவனுக்கு மருந்து எட்டாது. ஓரிடத்தில் நண்பன் அவனை நோக்கியே ஓடிவந்து, பாதி வழியில் வீழ்ந்தான். அதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆட்டத்தின் முடிவில் தோன்றும் பட்டியலையும் பார்த்தோம். வீழ்த்திய எண்ணிக்கை, வீழ்ந்த எண்ணிக்கை, தாங்கிய அடி, ஆற்றிய காயம் என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. தோற்ற அணியிலும் சிறந்தவர் ஒருவரைத் தேர்ந்து காட்டுகிறார்கள். அன்று தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது அந்த நண்பன்தான். அப்போதே திரையில் வந்திருக்கிறது. கோபத்தில் அதைப் பார்க்காமலே மூடியிருக்கிறான்.

மருமகன் நெடுநேரம் பேசவில்லை. கைப்பேசியை எடுத்து எதையோ எழுதினான், அழித்தான், மீண்டும் எழுதினான். பிறகு மற்ற நால்வரும் ஆட அழைத்தார்கள். ஆறாவது இடத்தில் யாரோ ஓர் அயலான் வந்து சேர்ந்தான். வீரனைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் என் மருமகன் டேர்டெவிலைத் தொடவில்லை. அந்த அயலான் அவனை எடுத்துக்கொண்டான். மருமகன் கிளோக், டாகரை எடுத்தான். பழக்கமில்லாத கை, தடுமாறியது. நான் படுக்கப் போன பிறகும் அடுத்த அறையிலிருந்து அவன் குரல் கேட்டது. "பின்னால் வந்துவிட்டான், யாராவது திரும்பிப் பாருங்கள்!" என்று இரண்டு மூன்று முறை கத்தினான். திரும்பியதாகத் தெரியவில்லை.

விடியற்காலைப் பேருந்துக்கு நான் புறப்பட்டபோது, பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை வந்தான். நண்பனிடமிருந்து பதில் வந்ததா என்று கேட்டேன்.

"படித்துவிட்டான் மாமா. இன்னும் எழுதவில்லை" என்றான்.