அட்டை திரும்ப மறுத்தால்

அட்டை நெசவில் முதல் ஒரு சாண் நீளத்துக்கு எல்லாம் சுகமாகத்தான் போகும். பிறகு அட்டைகள் கனக்கும். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையாலும் திருகினால்கூட அசையாது. பலத்தைக் காட்டாதீர்கள், நூல் அறும், இல்லையென்றால் அட்டையின் துளை கிழியும்.

அட்டை நெசவு என்றால் என்ன என்கிறீர்களா? பெரிய தறி இல்லாமல் நாடா நெய்கிற முறை. உள்ளங்கை அளவுச் சதுர அட்டை, நான்கு மூலையிலும் துளை, துளைக்கு ஒரு நூல். இப்படி இருபது அட்டைகளை அடுக்கி, பாவை (நீளவாட்டு நூல்களை) இரு முனையிலும் இழுத்துக் கட்டிவிடுவீர்கள். அட்டைகளைச் சேர்த்துக் கால் சுற்று திருப்பினால் நூல்களுக்கு நடுவே வழி திறக்கும். அதில் ஊடையை (குறுக்கு நூலை) விட்டு அடித்துவிட்டு, மறுபடி கால் சுற்று. நார்வேயில் கி.பி. 834இல் புதைத்த ஓஸ்பர்க் கப்பலை 1904-05இல் தோண்டியபோது, நூல் கோத்த 52 அட்டைகள் பாதி நெய்த நாடாவோடு கிடைத்தன. அதை நெய்த கையும் இந்த இறுக்கத்தோடு மல்லுக்கட்டியிருக்கும்.

ஏன் இறுகுகிறது? நான்கு கால் சுற்று சேர்ந்தால் ஒரு முழு முறுக்கு. 40 ஊடை போட்டால் நாடாவில் 10 முறுக்கு. அதே 10 முறுக்கு, எதிர்த்திசையில், அட்டைகளுக்குப் பின்னாலும் ஏறியிருக்கும். நீளக் கூந்தலை மேலிருந்து பின்னும்போது கீழே நுனியில் சிக்கு விழுமே, அதே கதை. நெய்ய நெய்யப் பின்பக்கத்துப் பாவு குறைகிறது, முறுக்கோ கூடுகிறது.

இதுதான் காரணமா என்று எப்படித் தெரியும்? அட்டைகளை மொத்தமாகப் பின்னால் தள்ளிப் பாருங்கள். நாலு விரல் தூரம்கூட நகராமல் முட்டி நின்றால் முறுக்குதான்.

எளிய மருந்து, எதிர்ப்பக்கம் திருப்பி நெய்வது. 40 முன்னால் திருப்பியிருந்தால் 40 பின்னால்; முறுக்கு தானாக அவிழும். ஆனால் கோலம் அந்த இடத்திலிருந்து கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடும், திரும்பிய வரியில் சின்னத் தையல்போல ஓர் அடையாளமும் தெரியும். அது பிடிக்காவிட்டால் தூர முனையை அவிழ்த்து, ஒவ்வோர் அட்டையின் நான்கு நூலையும் தனியே பிரித்து, சீவிவிட்டுக் கட்டுங்கள். சலிப்பான வேலைதான். அடிக்கடி நெய்கிறவர் தூண்டில் கடையில் விற்கிற சுழல் வளையத்தை வாங்கி, அட்டைக்கு ஒன்றாக எடையோடு தொங்கவிடலாம். முறுக்கு ஏற ஏற அது சுழன்று கழற்றிவிடும்.

முறுக்கே இல்லை, இருந்தும் சிக்குகிறதா? திறந்த வழியை வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ஒரு நூலிலிருந்து அடுத்ததற்கு மெல்லிய மயிர்போல ஏதாவது ஓடினால், அது பிசிறு. கம்பளி நூலில் இந்தத் தொல்லை அதிகம். நம் ஊர் நெசவாளர்கள் பாவுக்குக் கஞ்சி போடுவதும் இந்தப் பிசிறை அடக்கத்தான். நீர்க்கக் காய்ச்சிய அரிசிக் கஞ்சியைத் தொட்டுத் தடவி, இழைகள் ஒட்டாமல் விலக்கிவிட்டுக் காயவையுங்கள். ஈரத்தோடு நெய்ய உட்கார்ந்தால் பிசிறே தேவலை என்றாகிவிடும். முதல் நாடாவுக்குப் பேசாமல் வழுவழுப்பான பருத்திக் குரோஷே நூலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஓர் அட்டை மட்டும் முரண்டு பிடித்தால்? பக்கத்து அட்டையின் நூல் அதன் மூலைக்கு மேல் ஏறியிருக்கும். அப்படி இல்லையென்றால் துளையின் ஓரத்தை விரலால் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேயுங்கள்.

தொடக்கத்திலிருந்தே எல்லா அட்டையும் ஒரே மாதிரி கனத்தால், பாவை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டியிருக்கிறீர்கள். பாவின் ஒரு முனையை இடுப்பில் கட்டி நெய்கிறவருக்கு இது சுலபம்: திருப்பும்போது சற்று முன்னால் சாயுங்கள், ஊடையை அடிக்கும்போது பின்னால் சாயுங்கள். அட்டைகளைப் பிசைந்து பிடிக்காமல் லேசாக உலுக்கி, பத்துப் பத்தாகத் திருப்புங்கள்.