விமானத்துக்குத் திமில் ஏன்?

காளை மாட்டுக்குத் திமில் உண்டு. விமானத்துக்கு உண்டா?

உண்டு! "போயிங் 747" விமானத்தின் படத்தைப் பாருங்கள். மூக்குக்குப் பின்னால், மேலே புடைத்து நிற்கிறதே, அதுதான் திமில். "ஜம்போ ஜெட்" என்று உலகம் அழைப்பது இந்த ராட்சத விமானத்தைத்தான்.

அந்தத் திமில் அழகுக்காக வைத்தது அல்ல. பயத்தினால் வைத்தது!

பெரிய விமானம் வேண்டும்

1960-களில் அமெரிக்காவில் விமானப் பிரயாணிகள் பெருகினார்கள். "பான் அமெரிக்கன்" விமானக் கம்பெனித் தலைவர் ஜுவான் டிரிப், மிகப் பெரிய விமானம் வேண்டும் என்று போயிங் கம்பெனியிடம் கேட்டார். 1966 ஏப்ரலில் 25 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். மதிப்பு 52½ கோடி டாலர்!

விமானத்தை உருவாக்கும் பொறுப்பு ஜோ சட்டர் என்ற என்ஜினீயரிடம் வந்தது. முழு நீளத்துக்கும் இரண்டு அடுக்கு வேண்டும் என்பது டிரிப்பின் ஆசை. சட்டர் ஒப்பவில்லை. ஆபத்து நேரத்தில் மேல் மாடியில் இருப்பவர்கள் எப்படி இறங்குவார்கள்? ஆகவே உயரத்துக்குப் பதில் அகலத்தைக் கூட்டினார். உள்ளே 20 அடி அகலம். நடந்து செல்ல இரண்டு வழிகள்.

என்ன பயம்?

அந்தச் சமயத்தில் ஒலியை விட வேகமாகப் பறக்கும் விமானங்கள் தயாராகி வந்தன. அவை வந்துவிட்டால் ஜம்போவில் யார் ஏறுவார்கள்?

"ஆள் ஏறாவிட்டால் சரக்கு ஏற்றுவோம்" என்று முடிவு செய்தார்கள். மூக்கைத் தூக்கித் திறந்து, பெரிய பெட்டிகளை நேராக உள்ளே தள்ள வேண்டும். விமானி மூக்கில் உட்கார்ந்திருந்தால் முடியுமா? அவரை மாடியில் உட்கார வைத்தார்கள். பிறந்தது திமில்!

வேலை போயிற்று

1969 பிப்ரவரி 9-ந் தேதி ஜம்போ முதல் தடவையாகப் பறந்தது. 1970 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றது.

ஆனால் போயிங் கம்பெனி கடனில் தத்தளித்தது. புதிய ஆர்டர்கள் குறைந்தன. பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். சியாட்டில் நகரை விட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகட்டும் என்று 1971-ல் அங்கே ஒரு பலகையே வைத்தார்கள்!

பிறகு நல்ல காலம் வந்தது. பல நாடுகள் ஜம்போவை வாங்கின. நம் ஏர் இந்தியாவும் 1971-ல் வாங்கியது.

தம்பிகள்

தம்பிகளும் பிறந்தார்கள். 1976-ல் வந்த "எஸ்.பி." குட்டையானது, நெடுந்தூரம் பறப்பது. 1983-ல் வந்த "300"-க்குத் திமில் நீண்டது. 1989-ல் வந்த "400"-ஐ ஓட்ட மூன்று பேர் தேவையில்லை; இரண்டு பேர் போதும். கடைசித் தம்பி "747-8". நீளம் 250 அடி!

பயமுறுத்திய வேக விமானம் என்ன ஆயிற்று? அமெரிக்கா தன் திட்டத்தை 1971-ல் கைவிட்டது. ஐரோப்பாவின் "கான்கார்டு" 2003-ல் ஓய்வு பெற்றது.

ஜம்போவை வென்றது வேகம் அல்ல, சிக்கனம்! இரண்டே என்ஜின்களில் பறக்கும் புதிய விமானங்களுக்கு எரிபொருள் செலவு குறைவு. 2023 ஜனவரி 31-ந் தேதி 1,574-வது ஜம்போவை ஒப்படைத்ததோடு போயிங் நிறுத்திக் கொண்டது.

அந்தக் கடைசி விமானம் எதற்குத் தெரியுமா? சரக்கு ஏற்ற!