முன்பாரமா, பின்பாரமா?

மின் டிராக்டர் தொடர் – 9

சென்ற வாரம் பேட்டரியையும் சார்ஜையும் பார்த்தோம். இந்த வாரம் சக்கரத்துக்கு வருவோம்.

சின்ன மின் டிராக்டர் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற குறை இது: “காலி டிரெய்லர்னா பறக்குது. எரு ஏத்தினா நின்ன இடத்துலயே சக்கரம் சுத்துது. மோட்டாருக்குப் பவர் பத்தலை.” பவர் பற்றாவிட்டால் சக்கரம் சுற்றாது, நின்றுவிடும். சுற்றுகிறது என்றாலே மோட்டாரிடம் பலம் இருக்கிறது, மண்ணில்தான் பிடி இல்லை என்று பொருள். இன்னும் பெரிய மோட்டார் போட்டால் இன்னும் வேகமாகப் பள்ளம் பறிக்கும், அவ்வளவுதான்.

டீசல் இன்ஜின் திணறும், உறுமும், கிளட்சைச் சட்டென்று விட்டால் அணைந்தும் போகும். மின் மோட்டார் அப்படியில்லை. நின்ற நிலையிலேயே முழுத் திருகுவிசையையும் கொடுத்துவிடும். ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தால், வண்டி நகரும் முன்பே டயர் மண்ணைச் சீவிவிடும். சீவிய மண்ணில் பிடி மேலும் குறையும். சத்தமும் இல்லாததால் சக்கரம் வழுக்குவது ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை. பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். சோனாலிகா 2020 டிசம்பரில் அறிமுகம் செய்த டைகர் எலெக்ட்ரிக் 11 கிலோவாட் வண்டி. 2 டன் டிரெய்லர் இழுக்கும் என்று சொல்லித்தான் அது விற்பனைக்கு வந்தது. 2 டன்னைச் சமமான தார் ரோட்டில் உருட்ட 40, 50 கிலோ இழுவை போதும். உழுத மண்ணில் அதே வண்டிக்கு 200 கிலோவுக்கு மேல் வேண்டும். நூறடிக்குப் பத்தடி ஏறுகிற மேடு என்றால் இன்னொரு 200. சரி, சக்கரத்தால் எவ்வளவு கொடுக்க முடியும்? இந்த அளவு வண்டி ஒன்றின் பின்சக்கரங்கள் மேல் 600 கிலோ எடை இருப்பதாக வைத்துக்கொண்டால், கெட்டி மண்ணில் அதில் பாதி, அதாவது 300 கிலோ இழுவை கிடைக்கும். ஈரக் களியில் 200கூடத் தேறாது. ரோட்டில் பறந்த வண்டி வரப்பைத் தாண்டியதும் நின்றுவிடுவது இதனால்தான்.

ஆகவே பின்சக்கரத்தின் மேல் எடை கூட வேண்டும். காசு செலவில்லாத வழி, டிரெய்லரில் பாரம் ஏற்றுகிற விதம். பார வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒற்றை அச்சு டிரெய்லரிலும் அதே கதைதான். பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருந்தால் அதில் ஒரு பங்கு கொக்கி வழியாக டிராக்டரின் பின்சக்கரத்தில் இறங்கும். பின்பாரமாகிவிட்டாலோ கொக்கி டிராக்டரின் பின்பக்கத்தை மேலே தூக்கும், இருக்கிற பிடியும் போய்விடும். நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே சுமந்துகொள்ளும். அதனிடம் இந்த உதவி கிடைக்காது.

பேட்டரியின் எடையும் இதற்கு உதவும். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1969-லேயே எலெக்-டிராக் என்ற சின்ன மின் டிராக்டரை விற்றது. 36 வோல்ட், ஆறு ஈய பேட்டரிகள். அந்த ஆறும் சேர்ந்தாலே ஒன்றரைக் குவிண்டாலைத் தாண்டும். ஓட்டத்துக்குச் சுமையாகத் தெரிந்த அந்த ஈயம்தான் இழுவைக்குக் கைகொடுத்தது. அதையே லித்தியத்துக்கு மாற்றினால் பேட்டரி எடை மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். குறைந்த எடையை வேறு வழியில் ஈடுகட்டத்தான் வேண்டும். ஈய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போட நினைப்பவர்கள் இதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈடுகட்டும் வழி நம் ஊர் டிராக்டர்காரர்களுக்குப் பழக்கமானதுதான்: பின்டயரில் தண்ணீர். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வு உச்சிக்கு வரும்படி நிறுத்தி, பின்னைக் கழற்றி, வால்வு மட்டம் வரை நிரப்பினால் டயரில் முக்கால் பங்கு நிறையும். மேலே மிச்சமிருக்கும் இடத்தில் காற்று. குளிர் நாடுகளில் தண்ணீர் உறையாதிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். அது ரிம்மை அரிக்கும். நம் சமவெளிக்கு அது தேவையே இல்லை. பெரும்பாலும் ரோட்டு ஓட்டம்தான் என்றால் தண்ணீரைவிட, வேண்டும்போது மாட்டிக் கழற்றும் இரும்பு வெயிட் நல்லது.

பட்டன் டயரைத் திசை மாற்றிப் பூட்டிய வண்டிகளையும் பார்க்கலாம். முன்னோக்கி ஓடும்போது பட்டன்கள் சேர்ந்து காட்டும் V வடிவத்தின் கூர்முனை முதலில் மண்ணைத் தொட வேண்டும். மாறியிருந்தால் பட்டன் இடுக்கில் சேறு அப்பி, டயர் மொட்டையாகிவிடும். வயலில் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கலாம், ஆனால் டயர் நிறுவனம் கொடுத்த அளவுக்குக் கீழே போகக் கூடாது.

வழுக்கல் எவ்வளவு என்பதை ஒரு சுண்ணாம்புக் கட்டியால் அளந்துவிடலாம். டயரில் ஒரு கோடு போடுங்கள். டிரெய்லர் இல்லாமல் பத்துச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு பாரத்தோடு, அதே மண்ணில். முதலில் 28 மீட்டர், பாரத்தோடு 24 மீட்டர் என்றால் வழுக்கல் நூற்றுக்கு 14. மண்ணில் இது தாங்கக்கூடிய அளவு. 20 மீட்டர்தான் வந்தது என்றால், சக்கரத்துக்கு வந்த மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் வழுக்கலிலேயே கரைகிறது. முதலில் எடையைச் சரிசெய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பாரத்தைக் குறையுங்கள்.

பிடிக்காகச் செய்யவே கூடாதது ஒன்று உண்டு. சேற்றில் மாட்டிக்கொண்டதும் சங்கிலியை டாப் லிங்க் இருக்கும் இடத்தில் கட்டி இழுப்பார்கள். இழுக்கும் இடம் உயர உயரப் பின்சக்கரத்தில் எடை கூடுவது உண்மைதான். ஆனால் அந்த எடை முன்சக்கரத்திலிருந்துதான் வருகிறது. பின் அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால் டிராக்டர் மல்லாந்துவிடும். நின்ற நிலையிலேயே முழு பலம் கொடுக்கும் மோட்டாரில் இது கண் இமைக்கும் நேரத்தில் நடக்கும். குதித்துத் தப்ப நேரம் இருக்காது. முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் கேட்காமல் போனாலே, பம்பரில் வெயிட் மாட்ட வேண்டும் என்று பொருள்.

இறக்கத்திலும் கவனம் வேண்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் கொடுக்கும் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். ஈரச் செம்மண் சரிவில் அந்தச் சக்கரம் வழுக்கினால், பின்னால் இருக்கும் 2 டன் டிராக்டரைத் தள்ளிக்கொண்டு போகும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால், சரிவான பாதையில் முழு பாரம் ஏற்றாதீர்கள். இரண்டு நடையாகப் போய் வாருங்கள்.

(தொடரும்)