வழக்குக்கு முன்னே ஒரு கடிதம்
அரசுக்கு எதிராக நீதிமன்றம் செல்லுமுன் காணி இழந்தோர் அறியவேண்டியவை

காணியை இழந்தவர் எவரும் எடுத்த எடுப்பில் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. கிராம உத்தியோகத்தரிடம் போவார், பிரதேச செயலகத்துக்கு அலைவார், பாராளுமன்ற உறுப்பினரைக் காண்பார், ஜனாதிபதிக்குப் பெட்டிசம் எழுதுவார். சாய்ந்தமருது, கல்முனை, நிந்தவூர்ப் பகுதிகளிலிருந்து உள்ளே போய் வேளாண்மை செய்த குடும்பங்களின் வழமையும் இதுதான். எல்லாம் கைவிட்ட பின், "இனி வழக்குத்தான்" என்று சட்டத்தரணியைத் தேடிச் சென்றால் அவர் உங்கள் துயரக் கதையை முதலில் கேட்பதில்லை. "சம்பவம் நடந்தது எத்தனையாந் திகதி? நோட்டீஸ் கொடுத்தீர்களா?" என்றுதான் கேட்பார். பலருடைய நியாயமான வழக்கு இந்த இரண்டு கேள்விகளிலேயே தடுக்கி விழுகின்றது.

நோட்டீஸ் என்று அவர் கேட்பது என்ன? 1889ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட எமது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461ஆம் பிரிவு அது. அரசின் சார்பில் சட்டமா அதிபருக்கு எதிராகவோ, ஓர் அமைச்சருக்கு எதிராகவோ, உத்தியோக முறையில் செய்த காரியத்துக்காக ஓர் அரசாங்க உத்தியோகத்தருக்கு எதிராகவோ வழக்கிடுவதானால், முதலில் அவருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். அது அவர் கையில் ஒப்படைக்கப்பட்டு, அல்லது அவரது அலுவலகத்தில் விடப்பட்டு, ஒரு மாதம் கழிந்த பின்னரே வழக்கைத் தாக்கல் செய்யலாம். அறிவித்தல் கொடுத்த விடயத்தை வழக்குரையிலும் சொல்லவேண்டும். இந்தியாவிலும் இதே வகைச் சட்டம் உண்டு. அங்கே 1908ஆம் ஆண்டுக் கோவையின் 80ஆம் பிரிவு இரண்டு மாத அவகாசம் கேட்கின்றது.

அரசு தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் கொடுப்பதே இதன் நோக்கம் என்பர். அது நடப்பது அருமை என்பதே எமது எண்ணம். ஆயினும் சட்டம் சட்டமே. அறிவித்தல் கொடுக்காமற் போட்ட வழக்கை, உள்ளே இருக்கும் நியாயத்தைப் பாராமலே தள்ளிவிட இடமுண்டு.

"நாங்கள்தான் எத்தனையோ பெட்டிசம் எழுதினோமே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. பெட்டிசம் இரக்கம் கேட்கின்றது. அறிவித்தல் வழக்கு வருகின்றது என்று சொல்கின்றது. அதிலே வழக்குக்கான காரணம், வழக்கிடப் போகின்றவரின் பெயர், அவர் வசிக்கும் இடம், அவர் கேட்கும் பரிகாரம் ஆகியன இருக்கவேண்டும். "எமது காணிப் பிரச்சினையைத் தீர்த்துத் தருக" என்று எழுதுவதில் பயனில்லை. எந்த வட்டையில், எத்தனை ஏக்கர், நான்கு எல்லைகளும் எவை, எந்த உறுதியின் அல்லது பேர்மிட்டின் கீழ் செய்கை பண்ணினீர்கள், எந்தத் திகதியில் யார் வந்து என்ன செய்தார், இப்போது கேட்பது காணியையா நட்டஈட்டையா இரண்டையுமா, நட்டஈடானால் எத்தனை ரூபா என்பதெல்லாம் அதில் வரவேண்டும். இடம்பெயர்ந்தோர் தமது பழைய ஊர் முகவரியையும் இப்போது வசிக்கும் முகவரியையும் சேர்த்தே எழுதுவது நல்லது. ஐந்து குடும்பத்துக்கு ஒரே பிரச்சினையானாலும் ஐந்து பேரின் பெயரும் விபரமும் இருக்கட்டும். "மற்றும் பலர்" என்ற சொல் நீதிமன்றத்தில் எவரையும் குறிக்காது.

தமிழிலேயே எழுதலாம். வடக்கு, கிழக்கில் மட்டுமன்றி எங்கும் அரசாங்க அலுவலகத்துடன் தமிழில் தொடர்பு கொள்ளும் உரிமை அரசியலமைப்பில் உண்டு. பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதியிட்ட முத்திரை வாங்காமல் படியிறங்க வேண்டாம். சட்டமா அதிபரின் திணைக்களம் கொழும்பு 12, புதுக்கடையில் உள்ளது.

யாருக்கு எதிராக?

இதில் தவறுவோர் மிகப்பலர். வன இலாகாவும் நீர்ப்பாசனத் திணைக்களமும் பிரதேச செயலகமும் சட்டத்தின் கண்ணில் தனி ஆட்கள் அல்ல. திணைக்களத்தின் பெயரில் வழக்கிட முடியாது. அரசுக்கு எதிரான வழக்கு சட்டமா அதிபரின் பெயரிலேயே போடப்படவேண்டும். ஆனால் மகாவலி அதிகாரசபை, நகர அபிவிருத்தி அதிகாரசபை, துறைமுக அதிகாரசபை போன்றவை தத்தம் சட்டங்களால் தனி ஆளாக ஆக்கப்பட்டவை. அவற்றின் மீது அவற்றின் பெயரிலேயே வழக்கு. மாநகர சபைக்கும் பிரதேச சபைக்கும் அவற்றின் சொந்தச் சட்டங்களில் வேறாக அறிவித்தல் விதிகள் உள்ளன. அங்கே வழக்கிடுவதற்கான காலமும் மாதக் கணக்கிலேயே முடிந்துவிடும். கல்முனை மாநகர சபைக்கு எதிரான முறைப்பாடாயின் இதை முதலிலே விசாரித்துக் கொள்ளுங்கள்.

அறிவித்தல் கொடுத்துவிட்டோம், ஆகவே காலம் நின்றுவிட்டது என்று நம்பியிருக்கக் கூடாது. அரச ஊழியர் செய்த தீங்குக்கு அரசிடம் நட்டஈடு கேட்கும் உரிமை 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அதற்கு முன் அந்த வழியே இல்லை. அவ்வாறான வழக்குக்குக் காலாவதி இரண்டு வருடம். அந்த ஒரு மாதமும் இதற்குள்ளேயே அடங்கவேண்டும்.

"வெளியேறு" என்ற கடதாசி வந்தால்

1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டம் எமது விவசாயிகளுக்கு அதிகம் வினை செய்கின்ற ஒன்று. காணியை விட்டு வெளியேறுமாறு குறைந்தது 30 நாள் தவணையில் அறிவித்தல் வரும். வெளியேறாவிட்டால் நீதவான் நீதிமன்றம். அங்கே நீங்கள் காட்டக்கூடியது ஒன்றே: செல்லுபடியாகும் பேர்மிட் அல்லது அரசின் எழுத்திலான வேறு அதிகாரம். பாட்டன் காலத்திலிருந்து செய்த பூமி என்று சொல்லி அங்கே வாதாட இடமில்லை. அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை கோரவும் முடியாது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை என்பது பலருக்குத் தெரியாது. காணி உண்மையில் உங்கள் உறுதிக் காணியாயின், வெளியேற்றக் கட்டளை பிறந்த திகதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் உங்கள் உரித்தை நிலைநாட்ட மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம் என்று அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கின்றது. இப்போது கணக்குப் பாருங்கள். கட்டளை ஜனவரி 10இல் வந்தால் ஜூலை 10 நெருங்குமுன் வழக்கு உள்ளே போகவேண்டும். சட்டமா அதிபருக்கான அறிவித்தலை ஜூன் 15இல் கொடுத்தால் ஒரு மாதம் முடிவது ஜூலை 15. எல்லாம் பாழ். பெப்ரவரியிலேயே அது போயிருக்கவேண்டும்.

1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி முறையாகச் சுவீகரித்து, நட்டஈட்டுத் தொகை மட்டும் குறைவென்றால் வழி வேறு: தீர்ப்பின் அறிவித்தலிலிருந்து 21 நாளுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு.

நாளைக்கே புல்டோசர் வரும் என்றால் ஒரு மாதம் காத்திருப்பதா? இல்லை. 461ஆம் பிரிவு சாதாரண வழக்குகளுக்கே உரியது. எழுத்தாணை மனுவுக்கும் அடிப்படை உரிமை மனுவுக்கும் அந்த அறிவித்தல் வேண்டியதில்லை. முன்பு அரச காணிக்கான எழுத்தாணையை மாகாண மேல் நீதிமன்றத்தில் கேட்டு வந்தார்கள். அரச காணியிலிருந்து வெளியேற்றும் விடயத்தில் அந்நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என 2013 செப்டெம்பரில் சோலைமுத்து ராசு வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போகவேண்டியுள்ளது. ஒரு கடமையைச் செய்விக்கும் ஆணை கேட்பதாயின், அதைச் செய்யும்படி முன்னரே எழுத்தில் கேட்டு மறுக்கப்பட்டதைக் காட்டவேண்டும். அங்கும் ஒரு கடிதம்!

அடிப்படை உரிமை மனுவுக்கோ மீறல் நடந்து ஒரு மாதமே தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கிற் சேராது என 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கின்றது. ஆயினும் முறைப்பாட்டு இலக்கம் ஒன்றை மட்டும் காட்டினால் போதாது, விசாரணை உண்மையில் நடந்ததையும் காட்டவேண்டும் என்று நீதிமன்றம் பலமுறை கூறியுள்ளது. ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயம் கல்முனையில் உண்டு.

எமது மாவட்டத்தின் தெற்கே பாணமையைப் பாருங்கள். 2010 ஜூலை 17ஆந் திகதி இரவு ஆயுததாரிகள் வந்து குடிசைகளுக்குத் தீவைத்தனர். ராகம்வெல, சாஸ்திரவெல முதலான ஐந்து கிராமங்களின் ஏறக்குறைய 350 குடும்பங்கள் காணியிழந்தன. படை முகாம்கள் எழுந்தன. மனித உரிமைகள் ஆணைக்குழு, நீதிமன்றம், கொழும்பு ஆர்ப்பாட்டம் என அவர்கள் ஏறாத படியில்லை. 2015 பெப்ரவரியில் 340 ஏக்கரை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் கடதாசியிலேயே கிடக்க, 2016 மார்ச்சில் ஒரு பகுதியினர் தாமே காணிக்குட் சென்று குடியமர்ந்தனர். அமைச்சரவைத் தீர்மானம் உறுதியாகாது, பேர்மிட்டாகாது. அதை வைத்துக்கொண்டு உரிய காரியாலயத்திடம் எழுத்தில் கேட்பதே அடுத்த படி.

யுத்தத்தால் வழக்கிட முடியாமற் போனோருக்கு 2016இல் காலாவதி விசேட சட்டம் ஒன்று வந்தது. தனியார் பிடித்த காணியை மீட்க அது கொடுத்த இரண்டு வருட அவகாசம் 2018இல் முடிந்துவிட்டது. அதை இன்னும் நம்பியிருப்போர் உள்ளனர்; அவர்களுக்குச் சொல்லுங்கள்.

பத்திரங்கள் எரிந்தன, சுனாமியில் போயின என்போர் மனம் தளரவேண்டாம். உறுதியின் பிரதி காணிப் பதிவகத்திலும் பேர்மிட் விபரம் பிரதேச செயலகப் பதிவேட்டிலும் இருக்கக்கூடும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால், கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் தீர்மானிக்க வேண்டும். எந்த வர்த்தமானியால் உங்கள் வயல் காடாயிற்று என்பதையும் அவ்வழியே கேளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். போகும்போது தேசிய அடையாள அட்டை, வருமானம் பற்றிய கிராம உத்தியோகத்தரின் கடிதம், நீங்கள் இதுவரை அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் பிரதி, பதிவுத் தபால் துண்டு ஆகியவற்றைத் திகதி வரிசைப்படி அடுக்கிக் கொண்டு செல்லுங்கள்.