உங்களுக்குத் தெரியுமா? இழுத்த மூச்சு தண்ணீராகிறது!

● உள்ளிழுக்கும் ஆக்சிஜன்தான் கார்பன் டை ஆக்சைடாக வெளியே வருகிறது என்று பலரும் நினைக்கிறோம். இல்லை. செல்லுக்குள் அது தண்ணீராகிவிடுகிறது. நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடில் உள்ள ஆக்சிஜன், சாப்பிட்ட சோற்றிலிருந்தும் உடம்பின் நீரிலிருந்தும் வந்தது. உணவை ஆற்றலாக்கும்போது நம் உடம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீரைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

● உணவிலிருந்து பிரியும் எலக்ட்ரான்கள், செல்லுக்குள் உணவை ஆற்றலாக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் புரதம் புரதமாகக் கைமாறிப் போகின்றன. கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவார்களே, அப்படி. கடைசியில் நின்று வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். அந்த ஆள் இல்லையென்றால் முதல் கை வரை வேலை நின்றுபோகும். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பெரும்பங்கு இதற்கே செலவாகிறது.

● செல்லின் வேலைகளுக்குச் செலவாகும் ஆற்றல் மூலக்கூறு ஏடிபி. ஆக்சிஜன் இல்லாமல் ஒரு குளுக்கோஸிலிருந்து 2 ஏடிபிதான் மிஞ்சும். இருந்தால் சுமார் 30!

● எலக்ட்ரான் நகரும்போது வெளிப்படும் ஆற்றல், சவ்வின் ஒரு பக்கத்தில் புரோட்டான்களைத் தள்ளிச் சேர்க்கிறது. அவை திரும்பிப் பாயும்போது ஏடிபி உருவாகிறது. 1961இல் பிரிட்டனின் பீட்டர் மிட்சல் இதைச் சொன்னபோது துறையில் பலரும் ஏற்கவில்லை. கார்ன்வாலில் பழைய மாளிகை ஒன்றைச் செப்பனிட்டு, அங்கேயே சக ஆய்வாளர் ஜெனிஃபர் மோய்லுடன் சோதனைகளைத் தொடர்ந்தார். 1978இல் நோபல் பரிசு மிட்சலுக்குக் கிடைத்தது. சோதனைகளில் பெரும்பங்காற்றிய மோய்லின் பெயரும் நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டும்.

● புரோட்டான்கள் திரும்பும் வழியிலுள்ள புரதம் நிஜமாகவே சுழல்கிறது! 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதில் ஒளிரும் இழையை ஒட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் கண்டார்கள்.

● சயனைடு முடக்குவது, ஆக்சிஜனிடம் எலக்ட்ரானைக் கொடுக்கும் கடைசிப் புரதத்தை. ரத்தம் நிறைய ஆக்சிஜன் இருந்தும் செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது.

● ஆக்சிஜனைச் சுமக்கும் நம் சிவப்பணுக்களுக்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. சுமையில் கைவைக்காமல், ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபி என்ற அந்தக் கணக்கிலேயே ஏறக்குறைய 120 நாள் ஓடுகின்றன.

● சால்மன் மீனின் தசைக்குள் வாழும் ஹென்னெகுயா சால்மினிகோலா என்ற ஒட்டுண்ணி, ஜெல்லி மீனின் தூரத்து உறவு. மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத் தொகுதியையே அது இழந்துவிட்டது என்று 2020இல் தெரியவந்தது. ஆக்சிஜனைச் சுவாசிக்காத விலங்கு!