புத்தாண்டும் பழைய அங்கியும்



ஜனவரித் திங்கள் 24ஆம் நாள் புனித பிரான்சிஸ் சலேசியாரின் திருநாள். அந்நாள் வருவதற்குள் நம் புத்தாண்டுப் பிரதிக்கினைகளுள் பாதி முறிந்துவிடுகின்றன. ஐம்பதைக் கடந்த நாமும் இதற்கு விலக்கல்லோம். ஓர் ஆண்டுத் தொடக்கத்தில், நெடுநாள் முன் தைத்த அங்கியின் கழுத்துப் பொத்தான் பூட்ட மறுத்தது. முதலில் சலவைக்காரர் மீது சினம். பின்னரே கண்ணாடியைப் பார்த்தோம்! இனி இரவு உணவே வேண்டாம் என்று உறுதி பூண்டோம். எட்டாம் நாள் அது முறிந்தது. நம்மீதே கசப்பு மிஞ்சியது.

இக்கசப்பைச் சலேசியார் ஏற்பதில்லை. இல்லறத்தாரையும் மனத்திற்கொண்டு அவர் எழுதி 1609இல் வெளிவந்த பக்தி வாழ்வு பற்றிய நூலில், பிறரிடம் காட்டும் சாந்தத்தை நம் குறைகளிடமும் காட்டச் சொல்கிறார். தவறியதற்காகச் சினந்து, சினந்ததற்காக மீண்டும் சினப்பது தன்மீதுள்ள பற்றிலிருந்தே பிறக்கிறதாம். நமக்குச் சுருக்கென்றது.

உடைக்கும் அந்நூலில் தனி அதிகாரம் உண்டு. தூய்மையும் ஒழுங்கும் வேண்டும். வயதுக்கும் நிலைக்கும் பொருந்தவேண்டும். முதியோர் இளமைக்கோலம் பூணுவது நகைப்புக்கிடமாம். அலங்கோலமாய் உடுப்போரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

பழைய ரவிக்கை பொருந்தவில்லையே எனக் கலங்கும் தாய்மாரே, தையலைப் பிரித்துவிடுங்கள். தையற்காரர் உள்ளே துணி விட்டிருப்பது அதற்குத்தானே? நாமும் அங்கியின் கழுத்தை ஒரு விரலளவு தளர்த்திக்கொண்டோம். இரவில் இரண்டு இட்லி உண்கிறோம். சில நாள் மூன்று.