முதுகில் செதுக்கிய கற்கள்

அயர்லாந்தின் கிழக்கே, மீத் மாவட்டத்தில் போய்ன் ஆறு வளைந்து ஓடும் இடத்தில் மூன்று பெரிய கல்லறை மேடுகள் இருக்கின்றன: நியூகிரேஞ்ச், நவுத், டவுத். இரும்பையும் செம்பையும் அறியாத வேளாண் மக்கள் கி.மு. 3200 வாக்கில் எழுப்பியவை. நியூகிரேஞ்ச் மேட்டின் குறுக்களவு சுமார் 85 மீட்டர். மேடு சரியாதபடி அதன் அடியைச் சுற்றி 97 பெரிய கற்களைப் படுக்கவைத்திருக்கிறார்கள். தென்கிழக்கு வாசலிலிருந்து 19 மீட்டர் நீளமுள்ள கல்நடை உள்ளே சென்று சிலுவை வடிவ அறையில் முடிகிறது. இறந்தோரின் எலும்புகள், எரிந்தும் எரியாமலும், அங்கேதான் கிடந்தன. கற்களின் மேல் சுருள்கள், ஒன்றுக்குள் ஒன்றான வட்டங்கள், நெளிகோடுகள், சாய்சதுரங்கள், சிறு குழிகள். சிக்கிமுக்கிக் கல் போன்ற கடினமான கல்முனையைக் கொண்டு புள்ளி புள்ளியாகக் கொத்தியவை. மனிதன் என்றோ விலங்கு என்றோ துணிந்து சொல்லத்தக்க உருவம் அநேகமாக ஒன்றும் இல்லை. அதனால்தானோ என்னவோ, இதற்கு என்ன பொருள் என்ற கேள்விக்கு விடைகள் வந்து குவிந்திருக்கின்றன: சூரியன், நாட்காட்டி, ஆற்றின் வரைபடம், மறுபிறப்பு. (அறைக்குள் இருக்கும் மூச்சுருளைக் 'கெல்டிக் சின்னம்' என்று நினைவுப்பொருளாக விற்கிறார்கள். கெல்டிக் பண்பாடு தலையெடுப்பதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தையது அது.) இந்த விடைகள் எல்லாம் ஒன்றை மட்டும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கின்றன: செதுக்கியவர்கள் பிறர் பார்ப்பதற்காகவே செதுக்கினார்கள் என்பதை. சான்றுகளோ அந்த இடத்திலேயே முரண்டு பிடிக்கின்றன.

மைக்கேல் ஓ கெல்லி 1962 முதல் 1975 வரை நியூகிரேஞ்சில் அகழாய்வு நடத்தினார். வாசலுக்கு மேலுள்ள சிறு திறப்பின் வழியே குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலில் உதயசூரியனின் ஒளி அறைவரை எட்டுவதை அவர் 1967 டிசம்பர் 21 அன்று பார்த்ததுதான் உலகெங்கும் பேசப்பட்டது. அதே அகழாய்வில் கிடைத்த இன்னொரு செய்தி அவ்வளவாக வெளியே வரவில்லை. சுற்றுக்கற்கள் சிலவற்றின் பின்பக்கத்திலும், அதாவது மேட்டுக்குள் புதைந்த முகத்திலும், செதுக்குகள் இருந்தன. கூரைப் பலகைகளின் மேல்முகத்திலும் இருந்தன. மேட்டைக் குவித்து முடித்த பிறகு இவற்றை எந்த மனிதக் கண்ணும் பார்த்திருக்க முடியாது. கவனக்குறைவு என்றும் தள்ளிவிட முடியாது. அதே கூரைக் கற்களின் மேல்முகத்தில் மழைநீர் வடிந்தோடக் கால்வாய்க் கோடுகளைக் கணக்காகக் கொத்தியிருக்கிறார்கள். மறையப்போகும் முகம் எது, அதில் எதைக் கொத்துவது என்பதெல்லாம் அறிந்தே வேலை செய்த கைகள் அவை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அந்தக் கற்கள் வேறோர் இடத்தில் எல்லோர் பார்வைக்கும் நின்றவையாக இருக்கலாம். அந்தக் கட்டடத்தைப் பிரித்து, கல்லை வெறும் கல்லாக இங்கே கொண்டுவந்து பயன்படுத்தியிருக்கலாம். கற்பனை வாதம் அல்ல இது. நவுத் மேட்டைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஜார்ஜ் ஓகன், அங்குள்ள செதுக்குக் கற்களில் ஒரு பகுதி அதற்கு முன்பிருந்த கல்லறை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது என்றே வாதிட்டார். மறைந்த செதுக்குகளில் பலவற்றுக்கு இந்த விளக்கம் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது கேள்வியைத் தீர்க்கவில்லை, தள்ளிவைக்கிறது. செதுக்கு என்பது படிக்கவேண்டிய செய்தியாக இருந்திருந்தால், அந்தச் செய்தியைச் சுவரின் பக்கம் திருப்பிப் புதைத்தவர்கள் அதை என்னவென்று நினைத்தார்கள்?

இதற்கு நல்ல வெளிச்சம் தருவது அயர்லாந்து அல்ல, பிரான்சின் பிரிட்டனிக் கரை. மோர்பியான் வளைகுடாவில் உள்ள காவ்ரினிஸ் தீவில், போய்ன் கல்லறைகளுக்கும் மூத்த ஒரு கல்லறை இருக்கிறது. அதன் நடையிலும் அறையிலும் நிற்கும் 29 கற்களில் 23 கற்கள் கைரேகை போன்ற வளைகோடுகளால் இடைவெளி இல்லாமல் நிறைந்தவை. 1980களின் தொடக்கத்தில் சார்ல் தாங்கி லெ ரூ அங்கே அகழ்ந்தபோது, அறையை மூடிய கூரைக் கல்லின் மேல்முகத்தில், கற்குவியலுக்கு அடியில், கொம்புள்ள மாட்டு உருவங்கள் வெளிப்பட்டன. அதில் ஓர் உருவம் உடைந்த விளிம்போடு பாதியில் நின்றது. மீதி, சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி, லொக்மாரியாகேரில் உள்ள தாப்ல் தே மர்ஷான் கல்லறையின் கூரைக் கல்லில் இருந்தது! ஏறக்குறைய 14 மீட்டர் உயர நெடுங்கல் ஒன்றைத் துண்டாக்கி இரண்டு கல்லறைகளுக்கும் கூரை போட்டிருக்கிறார்கள். என் வாதத்துக்கு உயிரானது இதன் பிற்பகுதி. மர்ஷானில் செதுக்கிய முகத்தைக் கீழ்நோக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே போய் அண்ணாந்தால் தெரியும். காவ்ரினிஸில் அதே முகத்தை மேல்நோக்கி வைத்து மூடிவிட்டார்கள். செதுக்கின் மதிப்பு பார்வையில்தான் என்றால் இரண்டாவது செயல் வீண். செதுக்குக்கு மதிப்பே இல்லை என்றால், இவ்வளவு பெரும் பாரத்தை அவ்வளவு தூரம் இழுத்துவந்த பாடு வீண். கல் அந்தக் கோடுகளைத் தாங்கியிருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது, அது கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும் என்று கொண்டால்தான் இரண்டும் ஒத்துப்போகின்றன. கோயிலில் மூலவரை நிறுவும்போது பீடத்தடியில் பதிக்கிற யந்திரத் தகட்டை அதன்பிறகு யாரும் பார்ப்பதில்லை. பார்க்காததால் அது இல்லை என்றும் ஆகிவிடுவதில்லை. அந்தக் கரைக்கும் நம் கோயிலுக்கும் தொடர்பு ஏதும் கிடையாது. கண்ணுக்குப் படாத குறிக்கும் ஒரு வேலை இருக்க முடியும் என்பதற்கு மட்டுமே இதைச் சொல்கிறேன்.

இன்னொரு மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். நியூகிரேஞ்சின் வாசலில் கிடக்கும் முதல் சுற்றுக்கல், முகம் முழுக்கச் சுருள்கள் பொங்கும் கல். அதன் நடுவே ஒரு நேர்கோடு வாசலைக் காட்டுகிறது. மேட்டின் மறுபுறம் அதற்கு நேரெதிரே உள்ள 52ஆம் கல்லிலும் அதே போன்ற கோடு. இவை பார்வைக்காக இல்லாமல் வேறெதற்கு? பார்வைக்காகத்தான். ஆய்வாளர் மூரிஸ் ஓ சல்லிவன் இதை இரண்டு பாணிகளாகப் பிரித்துக் காட்டினார்: கல்லின் வடிவத்தைப் பொருட்படுத்தாமல் சிறுசிறு உருவங்களை இட்டுச்செல்வது ஒன்று, கல்லின் முகத்தையே கணக்கில் கொண்டு, பார்ப்பவர் நிற்கும் இடத்தை எண்ணி வடிவமைப்பது இன்னொன்று. பின்னது பெரும்பாலும் கற்கள் தம் இடத்தில் நின்ற பிறகு கொத்தப்பட்டது. சில கற்களில் பழைய உருவங்களின் மேலேயே புதிய கொத்து ஏறி, அடியில் இருந்ததைப் பாதி அழித்திருக்கிறது. இது என் வாதத்தைத் திருத்துகிறது, தகர்க்கவில்லை. ஒரே மக்கள் செதுக்குகளை மறைத்தார்கள், காட்டினார்கள், அழித்து மேலே கொத்தினார்கள். இப்படிப்பட்ட ஒன்றைச் சுருளுக்கு இது, சாய்சதுரத்துக்கு அது என்று அகராதி போட்டு வாசிக்க முடியாது.

வானியல் விளக்கக்காரர்களோடு பெரிய சண்டை வேண்டியதில்லை. கட்டடம் சூரியனை நோக்கியது என்பது ஐயமற்றது. ஒவ்வொரு வட்டமும் சூரியன் என்பது அதிலிருந்து தானாக வந்துவிடாது. மயக்கநிலையில் மூளை தானாகவே காணும் ஒளிக்கோலங்களே இவை என்ற கருத்து அதைவிடக் கவர்ச்சியானது. வடிவங்கள் எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதற்கு அது ஒரு விடை. கல்லின் எந்த முகத்தில், எப்போது கொத்தினார்கள் என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை; நாம் தொட்டுப் பார்த்து உறுதிசெய்யக்கூடிய சான்றோ அங்கேதான் இருக்கிறது.

வெளிமுகத்தை மட்டும் பார்த்து எடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு எந்த உருவம் எங்கே மிகுதி, எது அரிது என்று முடிவுகட்டுவது சரியல்ல. ஒரு கல்லின் பின்முகத்தைப் பார்க்க மேட்டைப் பிரிக்க வேண்டியிருக்கும், அது எளிதில் எடுக்கக்கூடிய முடிவும் அல்ல. டவுத் மேட்டை 1840களில் தாறுமாறாகத் தோண்டிய பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது; அதன் சுற்றுக்கற்களில் பல இன்றும் மண்ணுக்குள்தான் கிடக்கின்றன.